தொழிற்பேட்டையில் மனை எடுப்பதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் இயந்திர உதிரிபாகப் பட்டறை எங்களுடையது. கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. லேத், மில்லிங், கூடவே துத்தநாக முலாம் பூசும் ஒரு சிறிய பிரிவு. சுற்றிலும் வீடுகள் வந்துவிட்டதால் ஊருக்குள்ளிருந்து வெளியேறியே ஆக வேண்டும். சிப்காட், சிட்கோ என்ற அரசு நிறுவனங்களின் பேட்டைகள், தனியார் தொழிற்பூங்கா என மூன்றையும் பார்த்து வருகிறோம். எல்லோரும் சாலை, மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் நிலையம் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். எதை, எப்படிச் சரிபார்ப்பது?

பதில்:

முதலில் உங்கள் முலாம் பிரிவைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நாற்பது பேரில் நான்கைந்து பேர்தான் அங்கே இருப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் நீங்கள் எந்தப் பேட்டைக்குப் போக முடியும், எதற்குப் போகவே கூடாது என்பதை அந்த அறைதான் முடிவுசெய்யப் போகிறது.

மின்முலாம் பூசுதல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் அதிக மாசு தரும் தொழில்களுக்கான சிவப்பு வகையில் வருகிறது. லேத்தும் மில்லிங்கும் அப்படியல்ல. இரண்டையும் ஒரே வளாகத்தில் வைத்து ஒரே விண்ணப்பமாகக் கொடுத்தால் மொத்த ஆலையையும் சிவப்பு வகையாகத்தான் பார்ப்பார்கள். நிறுவ இசைவாணை, இயக்க இசைவாணை, புதுப்பித்தல், ஆய்வு எல்லாமே அந்தக் கணக்கில்தான் நடக்கும். இதற்கு மேல் தூர விதியும் உண்டு. அதிக மாசு தரும் தொழில்கள் ஆறு, ஓடை, நீர்த்தேக்கக் கரைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரக்கூடாது என்று தமிழக அரசு 1989-லேயே ஆணையிட்டது. குறிப்பிட்ட சில ஆறுகளுக்கு 1998-ல் அந்தத் தூரம் 5 கிலோமீட்டர் ஆனது. பேட்டையின் முகப்பில் எவ்வளவு பெரிய வளைவு கட்டியிருந்தாலும், பின்பக்கம் ஓர் ஓடை ஓடினால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். எனவே மனையைக் காட்டும் அதிகாரியிடம் விலை கேட்பதற்கு முன், அந்த இடத்தின் சர்வே எண்ணை வாங்கிக்கொண்டு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போய், மின்முலாமுக்கு இங்கே இசைவு கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்று சொன்னால், அது எந்தத் தொழிலுக்காகக் கட்டப்பட்டது என்பதே அடுத்த கேள்வி. கழிப்பறைக் கழிவுநீருக்கும் உணவுத் தொழிலுக்குமாக வடிவமைத்த நிலையத்தில் நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன. உங்கள் துத்தநாகமும் குரோமியமும் அந்தத் தொட்டிக்குள் போனால் அவை செத்துப்போகும். நிலையத்தை நடத்துபவர் உங்கள் நீரை வாங்கவே மாட்டார். வாங்கினால் அதைவிட ஆபத்து.

முலாம் பட்டறைக் கழிவுநீர் ஒரே நீர் அல்ல. அமிலத் தொட்டியிலிருந்து வருவது ஒன்று, முலாம் கரைசலின் அலசல் நீர் ஒன்று, முலாமின் மேல் குரோமியக் காப்புப் படலம் ஏற்றும் பாசிவேஷன் தொட்டியின் மஞ்சள் நீர் இன்னொன்று. மஞ்சள் நீரில் ஹெக்சவேலண்ட் குரோமியம் இருந்தால், அமிலத்தன்மை பி.எச். 2 முதல் 3 வரை இருக்கும் நிலையில் சோடியம் பைசல்பைட் போட்டு அதை நச்சுத்தன்மை குறைந்த டிரைவேலண்ட் நிலைக்கு இறக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு போட்டு பி.எச். 8-க்கு மேல் ஏற்றினால்தான் உலோகம் சேறாக அடியில் படியும். நீங்கள் இன்னும் சயனைடு கரைசல் பயன்படுத்துபவராக இருந்தால் அந்த நீர் அமில நீரோடு எந்த இடத்திலும் சந்திக்கவே கூடாது. சந்தித்தால் எழும் ஹைட்ரஜன் சயனைடு வாயு ஆளைக் கொல்லும். இப்போது பேட்டையின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எல்லா மனைகளிலிருந்தும் ஒரே ஒரு கழிவுநீர்க் குழாய் போகிறதென்றால், இந்தப் பிரிப்பும் முன்சுத்திகரிப்பும் உங்கள் மனைக்குள்ளேயே நடக்க வேண்டும். அதற்கு இடமும் செலவும் ஆளும் உங்களுடையவை. அரை ஏக்கர் மனையில் இந்த இடத்தை யாரும் முன்கூட்டி ஒதுக்குவதில்லை. கட்டடம் முடிந்தபின் மதிலோரம் தொட்டி கட்டித் திணறுகிறார்கள்.

படிந்த சேறு அபாயகரக் கழிவு. 2016-ஆம் ஆண்டின் மத்திய விதிகளின்படி அதை வளாகத்தில் 90 நாள்களுக்கு மேல் பொதுவாக வைத்திருக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். பேட்டையிலிருந்து அந்த லாரி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கிளம்புகிறது என்று அங்கே இருக்கும் ஆலைக்காரர்களிடம் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் சேறு வேறெங்கோ போகிறது என்று பொருள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையை நச்சுத் தேக்கமாக்கியது. விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சொந்தச் செலவில் ஒழுங்காகச் சுத்திகரிக்க முயன்றவர்களும் அந்தச் சுழலில் சிக்கினார்கள். பொது நிலையத்தில் உறுப்பினரானால் பக்கத்து ஆலைக்காரர் நள்ளிரவில் திறந்துவிடும் தொட்டிக்கும் சேர்த்து நீங்கள் பொறுப்பாகிறீர்கள். நிலையத்தின் மின் இணைப்பைத் துண்டித்தால் உங்கள் ஆலையும் நிற்கும்.

2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது அந்தச் சேறு பாய்ந்து 10 பேர் இறந்துபோனார்கள். எந்தப் பொது நிலையத்தைப் பார்க்கப் போனாலும் அலுவலக அறையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். பின்பக்கம் போய்ச் சேறு உலர்த்தும் படுகைகளைப் பாருங்கள். உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் ஓட்டமானி வேலை செய்கிறதா என்று பாருங்கள். உப்புநீரைக் காய்ச்சும் ஆவியாக்கி ஓடுகிறதா, தூசு படிந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஆவியாக்கி ஓட நீராவி வேண்டும், நீராவிக்கு எரிபொருள் வேண்டும். பணம் தட்டுப்பட்டால் முதலில் நிறுத்தப்படுவது அதுதான்.

என் கருத்தைக் கேட்டால், உங்கள் முலாம் வேலை மாதத்துக்குச் சில டன் அளவில்தான் இருக்கிறதென்றால் அதைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். சொந்தமாக ஒழுங்கான சுத்திகரிப்பு வைத்திருக்கும் முலாம் பட்டறைக்குக் கூலிக்குக் கொடுத்துவிடுங்கள். பிரிவை மூடியதும் உங்களுக்குத் திறக்கும் பேட்டைகளின் எண்ணிக்கை பல மடங்காகும். முலாம்தான் உங்கள் வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவதற்கே காரணம் என்றால் மட்டும் மேலே சொன்ன அத்தனையையும் செய்துகொண்டு போங்கள்.

அடுத்தது மின்சாரம். இதில் உங்களைப் போன்ற பட்டறைக்கு மின்வெட்டைவிடக் கண்ணுக்குத் தெரியாத தொல்லை ஒன்று இருக்கிறது. 2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், குறிப்பாக 2012 வாக்கில், கோவைப் பட்டறைகள் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி மணிக்கணக்கில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் போட்டு ஓட்டலாம், ஆளை வீட்டுக்கு அனுப்பலாம், ஏதோ ஒரு முடிவெடுக்கலாம். ஆனால் விளக்கு ஒரு கணம் மங்கி மீள்கிறதே, அதுதான் சி.என்.சி. வைத்திருப்பவருக்கு எமன். மின்னழுத்தம் அந்த ஒரு கணத்தில் விழுந்ததும் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான காண்டாக்டர் விட்டுவிடும், சுழலும் அச்சான ஸ்பிண்டில் நிற்கும். கடைந்துகொண்டிருந்த தண்டில் வெட்டுமுனையான இன்செர்ட் உடைந்து சிக்கியிருக்கும். அலாரத்தை நீக்கி, மேசையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய், டூலை மாற்றி, அதன் அளவை (ஆஃப்செட்) மறுபடி எடுத்து, உடைந்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அந்தத் தண்டு பெரும்பாலும் கழிவுப் பெட்டிக்குத்தான் போகும். மின் வாரியத்தின் கணக்கில் இது மின்தடையே இல்லை.

இந்தத் தொல்லை எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் ஃபீடரிலிருந்து. துணை மின்நிலையத்திலிருந்து பேட்டைக்கு வரும் 11 அல்லது 22 கிலோவோல்ட் வழித்தடம் பேட்டைக்கு மட்டுமே வருகிறதா, வழியில் நான்கு கிராமங்களுக்கும் வயல் மோட்டார்களுக்கும் கிளை பிரிகிறதா என்பதைக் கண்ணால் பாருங்கள். துணை மின்நிலையத்திலிருந்து பேட்டைவரை மின்கம்பங்களைப் பின்தொடர்ந்து இருசக்கர வாகனத்தில் ஒருமுறை போய் வந்தால் போதும். தென்னை மட்டையும் வேப்பங்கிளையும் கம்பியை உரசும் இடங்கள் எல்லாம் உங்கள் இன்செர்ட் உடையப் போகும் இடங்கள். துணை மின்நிலையம் பேட்டைக்குள்ளேயே இருந்து, பூமிக்கடியில் கேபிள் போட்டு, ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் வரும்படி வளையமாக இணைத்திருந்தால் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை.

அங்கே ஏற்கெனவே ஆலை நடத்துபவர் யாராவது ஒருவரிடம் நட்பு பிடித்துக்கொண்டு அவருடைய உயர் அழுத்த மீட்டரின் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மின்சாரம் போன தேதியும் நேரமும் அதில் அப்படியே இருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களின் இடிமழைக் காலத்தையும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தையும் பார்த்தால் படம் தெளிவாகிவிடும். உயர் அழுத்த இணைப்புக்குப் போகிறீர்கள் என்றால் ஒப்பந்த மின்தேவையை, அதாவது வாரியத்திடம் எழுதி வாங்கும் உச்ச மின் அளவை, ஆசைக்கு ஏற்றிக் கேட்காதீர்கள். பயன்படுத்தாவிட்டாலும் அதில் பெரும்பகுதிக்குக் கேட்புக் கட்டணம் மாதாமாதம் வரும். புதிய இயந்திரம் வரும்போது கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அப்படிக் கூட்டுவதற்கு அந்தத் துணை மின்நிலைய டிரான்ஸ்பார்மரில் இடம் மிச்சம் இருக்கிறதா என்பதை மட்டும் இப்போதே உதவிச் செயற்பொறியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் உங்களுக்கு அதிகம் தேவைப்படாது என்று நினைப்பீர்கள். வெட்டும்போது சூட்டைத் தணிக்கும் கூலன்ட் எண்ணெயைக் கடின நீரில் கலந்து பாருங்கள். சில நாள்களில் மேலே பிசுபிசுப்பாகத் திரிந்து நிற்கும், இயந்திரத்தின் கழுத்தெல்லாம் துரு ஏறும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்துக் கடினத்தன்மையும் மொத்தக் கரைந்த உப்பும் பார்த்துவிடுங்கள். பேட்டையின் குழாயில் வருவது எந்த ஆற்று நீர், கோடையில் யாருக்கு முதல் உரிமை என்றும் கேளுங்கள். குடிநீருக்குத் தட்டுப்பாடு வந்தால் ஆலைக்குப் போகும் குழாயைத்தான் முதலில் மூடுவார்கள், அது நியாயமும்கூட. அதனால்தான் சென்னைக் குடிநீர் வாரியம் நகரக் கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து, எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் உப்பு நீக்கி, கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் என்ற அளவில் தொழிற்சாலைகளுக்கென்றே நிலையங்கள் அமைத்தது. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை குழாயில் போகிறது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் நகரத்தின் கழிவுநீர் குறைவதில்லை என்பதால் ஏரியை நம்பிய பேட்டையைவிட இப்படிப்பட்ட ஏற்பாடு உள்ள பேட்டைக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

மழைநீர் இன்னும் முக்கியம். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளுக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்தபின் சி.என்.சி. இயந்திரத்தைத் துடைத்துவிட்டு மறுநாள் ஓட்ட முடியாது. சர்வோ மோட்டார், டிரைவ், கட்டுப்பாட்டு அட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஸ்பிண்டில் பேரிங்கில் வண்டல் ஏறியிருந்தால் அதோடு முடிந்தது. சிறு முதலாளிகள் வங்கிக் கடனில் வாங்கிய இயந்திரத்தைக் கழிவு இரும்பு விலைக்குக் கொடுப்பது எவ்வளவு கொடுமை என்பதை அந்த ஊர்களில் கேட்டுப்பாருங்கள்.

ஆகவே மனையைக் கோடையில் பார்க்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டி முடித்த மறுநாள் போய்ப் பாருங்கள். அப்போது போக முடியாதென்றால், பக்கத்து ஆலைகளின் மதில்களில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா, டிரான்ஸ்பார்மர் மேடைகள் எவ்வளவு உயரத்தில் கட்டப்பட்டிருக்கின்றன என்று கவனியுங்கள். அனுபவப்பட்டவர்கள் மேடையை உயர்த்தியிருப்பார்கள். வருவாய்த்துறையின் பழைய கிராம வரைபடத்தில் அந்த இடத்தின் அருகே ஏரி, வாய்க்கால், தாங்கல் ஏதாவது இருந்திருக்கிறதா என்று பார்ப்பதும் வீண் வேலை அல்ல. பேட்டையின் மழைநீர் வடிகால் எங்கே போய் முடிகிறது என்ற கேள்விக்கு வரைபடத்தில் பதில் இருக்க வேண்டும். பேட்டையின் எல்லையோடு வடிகால் முடிந்துவிட்டால் அது வடிகால் அல்ல, தொட்டி. காப்பீட்டில் தீ விபத்தோடு புயல், வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று பத்திரத்தைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மனையின் வாசலில் 40 அடிக் கொள்கலன் லாரி ஒரே வீச்சில் திரும்பி உள்ளே வர முடிகிறதா என்று பாருங்கள். லாரிகளுக்குத் தனி நிறுத்துமிடம் இல்லாத பேட்டையில் உங்கள் வாசல்தான் நிறுத்துமிடம். எடை மேடை உள்ளேயே இருந்தால் நல்லது.

நான் பார்த்தவரை இடம் மாறிய பட்டறைகள் தடுமாறியதெல்லாம் பெரும்பாலும் ஆள் விஷயத்தில்தான். உங்கள் நாற்பது பேரும் இப்போது நடந்தோ சைக்கிளிலோ வேலைக்கு வருபவர்களாக இருப்பார்கள். 25 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அவர்களில் எத்தனை பேர் கூட வருவார்கள்? இதை முடிவெடுத்த பிறகு கேட்காதீர்கள், முன்பே உட்கார்ந்து பேசுங்கள். இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் பேட்டை வாசலிலிருந்து ஊருக்குப் பஸ் இருக்கிறதா? வாசலிலிருந்து உங்கள் மனைவரை தெருவிளக்கு எரிகிறதா? எரிகிறதா என்பதை இரவு பத்து மணிக்குப் போய்த்தான் பார்க்க முடியும். பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்த ஒரு விஷயம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

தொழிலாளர் தங்கும் இடத்தைப் பேட்டையின் கட்டமைப்பாக நம் ஊரில் வெகுகாலம் யாரும் கருதவில்லை. ஆலைக்கு ஏக்கர் கணக்கில் நிலம் ஒதுக்கினார்கள், ஆள் எங்கே தூங்குவார் என்று யோசிக்கவில்லை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள் பலர் விடுதி உணவால் நோய்வாய்ப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த விடுதிகளின் நிலை வெளியுலகுக்குத் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. மிக நல்ல தொடக்கம் என்று மனமாரச் சொல்வேன். ஆனால் அது பெரிய ஆலைகளின் அளவுக்கானது. பத்துப் பேருக்கு இடம் தேடும் உங்களுக்கு, பேட்டையிலோ பக்கத்து ஊரிலோ நியாயமான வாடகைக்கு அறை கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. வடமாநிலத் தொழிலாளர்கள் வந்தால் அவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தூங்கவைக்க வேண்டாம். ராணிப்பேட்டையில் இறந்தவர்கள் ஆலைக்குள் தூங்கியவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

கூடவே இ.எஸ்.ஐ. மருந்தகம், தீயணைப்பு நிலையம் இரண்டும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்தால் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி கட்டாயம். பல சிறு ஆலைகள் சேர்ந்து ஒரே காப்பகத்தை நடத்தும் பேட்டை இருந்தால் வளரும் பட்டறைக்கு அது பெரிய வரம்.

விளம்பரத் தாளில் எப்போதும் இடம்பெறாத ஒரு வசதி, அண்டை அயல். கிண்டியில் 1958-ல் காமராஜர் ஆட்சிக்காலத்தில், தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமனின் முயற்சியில் தொழிற்பேட்டை உருவானது. 1964-ல் அம்பத்தூர் வந்தது. அந்தப் பேட்டைகளின் சாலையும் வடிகாலும் இன்று போற்றத்தக்க நிலையில் இல்லை. ஆனாலும் ஆலைகள் அங்கிருந்து கிளம்ப மனமின்றி இருப்பதற்குக் காரணம், வெப்பப் பதனிடுபவர், கிரைண்டிங் செய்பவர், டை செய்பவர், பழுது பார்ப்பவர், கருவி விற்பவர் எல்லோரும் கூப்பிடு தொலைவில் இருக்கிறார்கள். காலையில் கொடுத்த பொருளை மாலையில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உங்களுடைய ஓர் உதிரிபாகம் இப்போது எத்தனை வாசல்களுக்குப் போய் வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புதிய பேட்டையிலிருந்து அந்த வாசல்களுக்கு எவ்வளவு தூரம் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு ஸ்பிண்டில் பேரிங் போனால் அதை மாற்றத் தெரிந்தவர் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனை விலையில் மிச்சம் பிடிப்பது இந்தத் தாளில் கரைந்துபோவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இதற்கு ஓரளவு மாற்று, பொது வசதி மையம். குறு, சிறு நிறுவனத் தொகுப்புகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் பரிசோதனைக் கூடம், டூல் ரூம், முப்பரிமாண அளவீட்டுக் கருவி போன்றவற்றைப் பலர் சேர்ந்து அமைத்துக்கொள்ள மானியம் கிடைக்கிறது. போகும் பேட்டையில் அப்படி ஒன்று இருந்தால் உள்ளே போய், கருவியின் அளவுத்திருத்தச் சான்று எந்தத் தேதியிட்டது என்று பாருங்கள். தேதி கடந்திருந்தால் அந்தக் கூடம் திறப்பு விழாவோடு முடிந்துவிட்டது.

இனி மூன்று வகையில் எது என்ற கேள்வி. 1971-ல் தொடங்கிய சிப்காட் பெரிய ஆலைகளை மனதில் வைத்து உருவானது. நிலம் பொதுவாக 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான். குத்தகைப் பத்திரத்தின் மேல் கடன் வாங்கத் தடையின்மைச் சான்று வேண்டும். குறித்த காலத்துக்குள் கட்டடம் எழுப்பி உற்பத்தி தொடங்காவிட்டால் ஒதுக்கீடு ரத்தாகலாம். சாலை அகலம், மின்சாரம், நீர் போன்றவற்றில் சிப்காட் பொதுவாக முந்தி நிற்கும். 1970-ல் தொடங்கிய சிட்கோ சிறு தொழில்களுக்கென்றே உள்ளது. உங்கள் அளவுக்கு ஏற்ற மனை அங்கேதான் கிடைக்கும். பழைய சிட்கோ பேட்டைகள் சிலவற்றில் சாலையும் விளக்கும் யாருடைய பொறுப்பு என்பதில் சிட்கோவுக்கும் உள்ளாட்சிக்கும் இடையில் இழுபறி உண்டு. சொத்து வரி கட்டுகிறோம், பராமரிப்புக் கட்டணமும் கட்டுகிறோம், குழியை மூட யாரும் வருவதில்லை என்ற குமுறலை அங்கே நிறையக் கேட்கலாம். அந்தக் குமுறலில் நியாயம் இருக்கிறது.

தனியார் பூங்காவில் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தின் வகைப்பாடு. தொழில் மண்டலமாக மாற்றப்பட்ட நிலமா, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மனைப்பிரிவு ஒப்புதல் இருக்கிறதா என்று மூல ஆவணத்தில் பாருங்கள். வயலை வாங்கி, சாலை போட்டு, பூங்கா என்று பலகை நட்டு விற்பவர்களும் உண்டு. விற்று முடித்தபின் அவர் போய்விடுவார், மோட்டாரும் தெருவிளக்கும் அநாதையாக நிற்கும். கோவையில் கொடிசியா என்ற சிறுதொழில் சங்கத்தினர் கள்ளப்பாளையத்திலும் மோப்பிரிபாளையத்திலும் அமைத்த பூங்காக்களைப் போல, தொழில் செய்பவர்களே சேர்ந்து உருவாக்கும் ஏற்பாட்டின் மேல் எனக்கு மரியாதை அதிகம். குழி விழுந்தால் அந்த வழியாகத் தினமும் போகிறவரே அதற்குப் பொறுப்பாளி என்பதால் வேலை நடக்கும்.

எந்த வகையானாலும் பேட்டையின் உற்பத்தியாளர் சங்கத்துக்குப் போய், கடந்த மூன்று ஆண்டுகளில் அவர்கள் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்களைக் காட்டச் சொல்லுங்கள். மறைக்க மாட்டார்கள், ஆவலோடு எடுத்துக் காட்டுவார்கள். எதைக் கேட்டார்கள், எத்தனை நினைவூட்டலுக்குப் பின் கிடைத்தது, எது இன்னும் கிடைக்கவில்லை என்பதெல்லாம் அந்தக் கோப்பிலேயே இருக்கும். சங்கமே இல்லாத பேட்டை என்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

இடத்தை முடிவுசெய்த பிறகு வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்ததும் கட்டடப் பொறியாளரிடம் ஓடுவதுதான் வழக்கம். அதற்கு முன் மின் இணைப்புக்கும் நிறுவ இசைவாணைக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். ஒற்றைச் சாளர இணையதளத்திலேயே இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். தடங்கல் வந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேட்கலாம். கூரை போட்டு, இயந்திரம் இறக்கி, மின்சாரத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து வங்கிக்கு வட்டி மட்டும் கட்டியவர்கள் நிறையப் பேர். இயந்திரங்களை ஒரேயடியாக மாற்றாமல் பாதியைப் புதிய இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியைக் கொண்டுபோங்கள். முலாம் பிரிவை வைத்துக்கொள்வதாகவே முடிவெடுத்தால், புதிய தொட்டிகளுக்கு இயக்க இசைவாணை கையில் வரும்வரை பழைய இடத்தின் இசைவாணையை ஒப்படைத்துவிடாதீர்கள்.